முக்கால் சொம்பு

வீட்டுக்கு யார் வந்தாலும் முக்கால் சொம்புத் தண்ணீர்தான் கொடுப்பேன். என் மருமகளுக்கு அது பிடிக்காது. "குழாயத் திறந்தா கொட்டுது, அதுலயும் கஞ்சத்தனமா அத்தே?" என்று வந்தவர்கள் முன்னாலேயே கேட்டுவிடுவாள். மதுரையில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு விளக்கம் சொல்ல உட்கார்ந்தால் அடுப்பில் குழம்பு தீய்ந்துவிடும். சிரித்துவிட்டு விட்டுவிடுவேன்.

இந்தப் பழக்கம் எதிர்வீட்டு அத்தையிடமிருந்து வந்தது. பேர் சொல்ல மாட்டேன். அவருடைய மகள் படித்தவள், இது அவள் கண்ணில் பட்டாலும் படும். எனக்கு அவர் சொந்த அத்தையும் இல்லை. பரளச்சிப் பக்கம் ஒரு கரிசல் ஊருக்கு நான் வாக்கப்பட்டுப் போனபோது எதிர்வீட்டில் இருந்தார், அவ்வளவுதான். கட்டையாக, கறுப்பாக இருப்பார். நடக்கும்போது வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து நடப்பார். இடது இடுப்பில் குடம் இல்லாத நேரத்திலும் குடம் இருக்கிற நடைதான் அவருக்கு.

இல்லாத தண்ணீரை இருப்பதாகக் காட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. என் கல்யாணமே அவர் காட்டிய தண்ணீரை நம்பி நடந்ததுதான்.

எண்பதுகளின் நடுவில் அது. எங்கள் ஊர் வைகைக் கரை. மாப்பிள்ளைக்கு அருப்புக்கோட்டையில் மில் வேலை, கெட்ட பழக்கம் இல்லை, குடும்பமும் நல்ல குடும்பம். அப்பாவுக்கு ஒரே ஒரு கவலை. "அந்தப் பக்கம் காடு காஞ்சு கெடக்கும்பாக. எம் பிள்ளைக்குத் தண்ணி சுமந்து பழக்கமில்ல" என்று சொல்லிக்கொண்டேதான் மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பினார். போனவர் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். வாசல் தெளித்த ஈரம் காயாமல் கிடந்ததாம். தொட்டி விளிம்பு தட்ட நிறைந்து நின்றதாம். கால் கழுவ ஒரு அம்மா சொம்பை நீட்டினாராம், தண்ணீர் வழிந்து அவர் கைமேல் ஓடியதாம். "வழிஞ்சு ஓடுதுங்கிறேன், அவுக அதக் கண்டுக்கவே இல்ல" என்று அம்மாவிடம் சொன்னார். அங்கேயே கையும் நனைத்துவிட்டு வந்திருந்தார்.

கை நனைப்பது என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால் மனசு ஒப்பும்வரை அங்கே சாப்பிட மாட்டார்கள். இலைக்கு முன்னால் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் பெண் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். அதற்கப்புறம் பேச்சு மாறக் கூடாது.

கல்யாணம் முடிந்து, மறுவீடெல்லாம் போய்வந்த பிறகு ஒரு காலையில் தொட்டியை எட்டிப் பார்த்தேன். அடியில் உள்ளங்கை நனைகிற அளவு தண்ணீரும் ஒரு செத்த பல்லியும் கிடந்தன. மாமியார் ஒரு குடத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். வாசலில் எதிர்வீட்டு அத்தை, தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக நின்றுகொண்டிருந்தார்.

"வா தாயி, பேசிக்கிட்டே போவோம்" என்றார்.

ஊர்க் கிணறுகளில் வாயில் வைக்க முடியாத உப்பு. ஊருணி வற்றிக் கிடந்தது. கண்மாய்க்குள் ஆள் இறங்குகிற ஆழத்துக்கு ஊற்றுக் குழி தோண்டியிருந்தார்கள். அதில் கசிகிற தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. "எங்கப்பா பாத்தப்ப தொட்டி நெறஞ்சு இருந்துச்சாமே" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. தெருவே கொண்டாந்து ஊத்துச்சுல்ல" என்றார் அத்தை, சிரட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க வீட்டுத் தண்ணியும் அதுலதான் கெடந்துச்சு. ஒங்கப்பாரு பஸ்ஸு ஏறுன பெறகுதான் அவுகவுக மொண்டுட்டுப் போனோம். அதுவரைக்கும் எங்க வீட்ல ஒலை வைக்கல."

"அப்ப ஏமாத்திட்டீங்க."

"பின்ன? உள்ளதச் சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்? ஒம் புருசன் மீச நரைக்கிற வரைக்கும் தனியாப் பொங்கித் திங்கணுமா?" என்றவர் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஒனக்காவது தொட்டியக் காட்டுனாக. எனக்கு ரெண்டு அண்டாதான். அதுக்கே எங்கய்யா மயங்கிட்டாரு."

இதில் ஒளிவு மறைவே கிடையாது அவருக்கு. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கண்டுகொள்ளவும் இல்லை. விடியும்போது என் வாசலில் நின்று "ஏத்தா, எந்திரி" என்பார். நான் தலையை முடிந்துகொண்டு போய்ச் சேருவதற்குள், ஊற்றங்கரை வரிசையில் தன் குடத்துக்குப் பின்னால் ஒரு கல்லை வைத்து, அதுதான் என் குடம் என்று சாதித்துக்கொண்டிருப்பார். எவளாவது கல்லை நகர்த்தினால் தீர்ந்தது. அவளுடைய தாய்வீட்டுக் கதையெல்லாம் ஊற்றங்கரைக்கு வந்துவிடும்.

மூத்தவன் வயிற்றில் இருந்தபோது என்னைக் குழிக்குள் இறங்கவே விடவில்லை. தன் வீட்டுக்கு ஒரு நடை, என் வீட்டுக்கு ஒரு நடை என்று சுமந்தார். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், "வந்த பிள்ளைய அழுகவிட்டா இந்தத் தெருவுக்கு இனி எவ வருவா?" என்பார். பிரியத்தைக்கூட ஊர்க் காரியமாக ஆக்கித்தான் அவருக்குச் சொல்ல வரும்.

அந்தக் கோடையில் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். உச்சிவெயில். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டில் இருந்தது அடிக்குடத்துக் கலங்கல். அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள் கொல்லைப்பக்கமாக அத்தை உள்ளே வந்துவிட்டார், கையில் வழிய வழியச் சொம்பு. "வாங்கண்ணே, இந்த வெயில்லயா வந்தீக, மொதல்ல மொகத்தக் கழுவுங்க" என்று நீட்டினார். அப்பா முகம் கழுவினார், காலில் ஊற்றினார், இன்னொரு சொம்பு வாங்கி மடமடவென்று குடித்தார். "தண்ணிக்குக் கொறவில்லாத ஊருத்தா இது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் காலிச் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அவர் போன பிறகு அத்தையிடம் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். "அழுதுறாத. மனுசன் வீட்டுக்குப் போயி நிம்மதியாத் தூங்கட்டும்" என்றார். அன்று அவர் வீட்டில் குடிக்கப் பழைய சோற்று நீச்சத்தண்ணிதான் இருந்தது என்று அவர் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதோடு என் கோபம் போய்விட்டது.

அவர் அசந்தது ஒரே ஒரு தடவைதான். அடுத்த வீட்டுப் பையனுக்குப் பெண் கொடுக்க ஒரு கூட்டம் வந்தது. வழக்கம்போல் தெரு முழுக்கக் குடம் குடமாகக் கொண்டுபோய்த் தொட்டியை நிறைத்தோம். அத்தை உள்ளே நின்று, "இன்னும் ஒரு கை கொறையுது, விளிம்பு தட்டணும்" என்று அதட்டி அதட்டி ஊற்ற வைத்தார். பெண்ணின் தாய்மாமன் என்று ஒரு பெரியவர் வந்திருந்தார். தொட்டியைப் பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டினார். "இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒரு குளியலப் போட்டுறேன்" என்று சொல்லி மொண்டு மொண்டு தலையில் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்.

யார் என்ன சொல்ல முடியும்? நாங்கள் கதவிடுக்கில் நின்று ஒவ்வொரு சொம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொம்பு என் வீட்டுச் சோற்றுத் தண்ணீர், அடுத்தது கோடி வீட்டுக் குழந்தையின் கஞ்சி. மனுசன் பாட்டு வேறு பாடினார். அத்தை பக்கத்திலேயே நின்று, "நல்லாக் குளிங்க மாமா, முதுகு இன்னும் நனையல பாருங்க" என்று சிரித்துக்கொண்டே, காலால் ஒரு தகரச் சட்டியைச் சாக்கடை வாய்க்குத் தள்ளிவிட்டார். ஓடுகிறது ஆட்டுக்காவது ஆகட்டுமே என்று. குளித்து முடித்தவர் திருப்தியாக இலையில் உட்கார்ந்து கை நனைத்தார். நாங்கள் எல்லோரும் காலிக் குடத்தோடு உச்சிவெயிலில் கண்மாய்க்கு நடந்தோம். பாதி வழியில் அத்தைதான் முதலில் சிரித்தார். அப்புறம் சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அதையும் வீணாக்காதீகடீ" என்றார்.

அந்தக் காலத்தில் மழையே பெய்யவில்லை என்று சொன்னால் பொய். பெய்தது. விதைத்துவிட்டு அண்ணாந்து பார்க்கும்போது பெய்யாது. மிளகாய்ப்பழம் களத்தில் காயும்போது ஒரே நாளில் கொட்டி, கிடந்ததையெல்லாம் அழுக வைத்துவிட்டுப் போகும். முன்பெல்லாம் இப்படி இல்லை என்று வயசானவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். கண்மாய்க்குள் வேலிக்கருவை மண்டியது. ஆண்கள் அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுட்டார்கள். அதுவும் போதாமல் வெளியூர் போனார்கள். அத்தையின் வீட்டுக்காரர் கரி வேலைக்கு ராமநாதபுரம் பக்கம் போனால் பொங்கலுக்குத்தான் திரும்புவார். வசதியுள்ள சிலர் தோட்டத்தில் போர் போட்டார்கள். அந்த வீடுகளுக்குப் பெண் தானாகத் தேடி வந்தது. அவர்களுடைய குழாய் கீழே இறங்க இறங்க எங்கள் ஊற்றுக் குழியும் ஆழமாகிக்கொண்டே போனது.

என் வீட்டுக்காரர் மில்லிலிருந்து வரும்போது பேப்பர் கொண்டுவருவார். உலகமே சூடாகிக்கொண்டு வருகிறது, மழையின் முறை மாறப்போகிறது என்று ஒரு நாள் போட்டிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் என்று நினைவு. அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"இத எழுதுனவரு வீட்ல தண்ணி யாரு எடுக்கிறா?"

"அதெல்லாம் போடலையே அத்தே."

"மொதல்ல அதப் போடணும்ல" என்று எழுந்து போய்விட்டார்.

அவருக்கு ஒரே மகள். திருச்சுழிக்கு பஸ்ஸில் அனுப்பிப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தார். வேலை வாங்காமல் இல்லை. சாணி அள்ள வைப்பார், ஆட்டுக்குக் குழை ஒடிக்க அனுப்புவார். குடத்தை மட்டும் தொட விடமாட்டார். அந்தப் பெண் ஆசைக்கு ஒரு குடத்தை இடுப்பில் வைத்தால் போதும், எங்கிருந்தாலும் "அத வையி கீழ" என்று குரல் வந்துவிடும். மற்ற வீட்டுப் பிள்ளைகள் தண்ணீருக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற காலம் அது. தெருவில் ஏசத்தான் செய்தார்கள். "மகள மகாராணியா வளக்குறீக" என்று என் மாமியாரே சொன்னார். "ஒரு பொம்பளையாவது நிமிந்து நடக்கட்டுமே" என்பார் அத்தை. ஊர் ஊராகப் பெண்ணை ஏமாற்றிக் கூட்டிவந்தவருக்குத் தன் மகள் விஷயத்தில் மட்டும் இந்தப் பிடிவாதம். தண்ணீர் உள்ள ஊரில்தான் கொடுப்பது என்று நின்றார்.

அப்படி ஒரு சம்பந்தம் வந்தது. திருச்சுழிக்கு அந்தப் பக்கம். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர், தங்கமான பையன் என்றார்கள். பெண்ணுக்கும் போட்டோ பிடித்திருந்தது. "ஊருணி வத்தாத ஊரு" என்று தரகர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். வீடு பார்க்க அத்தையும் அவர் தம்பியும் கிளம்பினார்கள். துணைக்கு என்னையும் கூப்பிட்டார். தன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, புதுப்பெண்ணைப்போல் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். "இது மட்டும் அமைஞ்சுருச்சுன்னா போதும்த்தா" என்றார். அவர் எதையும் வேண்டிக் கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

வாசல் தெளித்த ஈரம் காயாமல் கிடந்தது. முற்றத்தில் தொட்டி விளிம்பு தட்ட நின்றது. மாப்பிள்ளையின் அம்மா, ஒல்லியான மனுஷி, ஓடி வந்து, "வாங்க மதினி, காலக் கழுவுங்க" என்று சொம்பை நீட்டினார். தண்ணீர் வழிந்து அவர் முழங்கைவரை ஓடியது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

அத்தை அப்படியே நின்றுவிட்டார்.

நான் திரும்பித் தெருவைப் பார்த்தேன். வாசலுக்கு வாசல் பெண்கள் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி சேலையிலும் இடது இடுப்பு நனைந்திருந்தது.

உள்ளே இலை போட்டுவிட்டார்கள். "கை நனைச்சுட்டுத்தான் போகணும்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அத்தையின் தம்பி சட்டைக்கையை மடித்துக்கொண்டு உட்காரவே போய்விட்டார். அத்தை அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். "நாங்க ஒரு நேர்த்திக்கடன்ல இருக்கோம். இன்னிக்கு வெளிய சாப்புடக் கூடாது. கலந்து பேசிச் சொல்லி விடுறோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே தெரியாதவர்கள் யாரும் இல்லை. பையனும் கதவோரம் நின்றான். நல்ல களையான முகம். தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

புறப்படுமுன் அத்தை அந்தச் சொம்பை வாங்கி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் முழுவதையும் குடித்தார். "நல்ல தண்ணி" என்றார்.

பஸ் நிற்கிற வேப்பமரத்தடிக்கு வந்து நின்றோம். தம்பி கோபத்தில் தள்ளிப்போய் பீடி பற்றவைத்தார். பின்னாலேயே மாப்பிள்ளையின் அம்மா மூச்சிரைக்க வந்தார். சண்டைக்கு வருகிறாரோ என்று நான் பயந்தேன். கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எதுல தெரிஞ்சுச்சு மதினி?"

அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சொம்பு வழிஞ்சுச்சு. தண்ணி உள்ள வீட்ல எவ வழிய வழியக் குடுப்பா? அவளுக்கு அது நெனப்பே இருக்காது. இல்லாதவதான் நெப்பிக் குடுப்பா." பிறகு அந்த அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அடுத்த வாட்டி முக்காச் சொம்பு குடுங்க. தொட்டியவும் கொஞ்சம் கொறச்சே வைங்க. பொம்பளைகள வாசல்ல நிக்க விடாதீக, ஈரச் சேலையோட."

அந்த அம்மா வைத்தியர் சொல்வதைக் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். "ஒங்க ஊர்லயும் இப்பிடித்தானா?" என்று கேட்டார்.

"எங்க ஊர்லயும் இதே கததான்."

"எம் மகன் நல்ல பிள்ள மதினி."

"தெரியுது. என்னைய மன்னிச்சுருங்க" என்றார் அத்தை. பஸ் வந்துவிட்டது.

எனக்கு உள்ளே கொதித்தது. தன் மகள் என்றதும் கை நனைக்காமல் கிளம்பிவிட்டார். எவளோ ஒருத்தியைப் பிடிப்பதற்கு வழியும் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறார். பஸ் கண்மாய்க்கரை தாண்டியபோது கேட்டேவிட்டேன். "அப்ப அந்த முக்காச் சொம்ப நம்பி வரப்போற பிள்ள?"

அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"அவளுக்கு அந்த அம்மா இருப்பாக. பாத்தேல்ல, நல்ல பொம்பள. ஒனக்கு நான் இல்லையா?"

கோபம் கோபமாகவே இருந்தது. ஆனாலும் அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஊர் வரும்வரை அப்படியேதான் வந்தோம்.

அந்த மகள் அப்புறம் ரெண்டு வருஷம் கழித்துப் பாளையம்பட்டியில் ஒரு கடைக்காரர் வீட்டுக்கு வாக்கப்பட்டாள், அங்கே தெருக்குழாய் உண்டு. நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலத்தை. வீட்டில் மிச்சமிருந்த தண்ணீரில் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். நாங்கள் தெருமுனை திரும்பியதுமே ஓடி வந்தாள்.

"ஊரு எப்பிடிம்மா?"

"நல்ல ஊருத்தா" என்றார் அத்தை. "நம்ம ஊரு மாதிரியே இருக்கு."

அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போனாள். காலையில் தண்ணீர் எடுக்காமல் அத்தை கிளம்பியிருந்ததால் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வாசலோரம் கவிழ்த்து வைத்திருந்த குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

"அத வையி கீழ" என்றார் அத்தை. அவள் வைக்கவில்லை. அத்தை போய் அவள் இடுப்பிலிருந்து குடத்தைப் பிடுங்கிக்கொண்டு, கட்டியிருந்த பட்டுச் சேலையோடேயே கண்மாய்ப் பக்கம் நடந்தார். நானும் என் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.